உச்சி வெயிலில் எழுதிய இருட்டுப் பாட்டுகள்

என்னுடைய மிகுபுனைவு (ஃபான்டசி) நாவலின் முதற்பாகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பிரதி மட்டும் தெரிந்தவர்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கதையைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். நடுநடுவே வரும் பாட்டுகளைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இவற்றை எழுதும்போது உங்களுக்கு ஏதாவது துக்கமா?"

துக்கம் வந்தால் நான் விடைத்தாள் திருத்துவேன். கணிதம் படிப்பிக்கிறவளுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. பாட்டு எழுதுவதற்கு எனக்கு வேண்டியவை வேறு: வாவியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, வயலில் இப்போது யாருக்கு என்ன வேலை. இவை தெரிந்துவிட்டால் பாட்டு எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் "இருள்", "மௌனம்", "வெறுமை" என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். அப்படி அடுக்கிய கவிதைகளை நாம் எல்லோரும் போதுமான அளவு படித்துவிட்டோம்.

நாவலின் தொடக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. நெடுவாவி என்ற நாடு. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு நீர், அதற்குக் கிழக்கே கடலை ஒட்டிய ஒடுங்கிய மணல்நிலம், மேற்கே வயலும் காடும், அதற்கும் அப்பால் தலைப்பாகை கட்டியது போல ஒரு மலை. எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்குக் காட்டினாலும் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். அதை நான் எங்கே கொண்டுபோய் ஒளிக்க முடியும்? மலை குடும்பிமலை. கிழக்குக் கரைக்கு எழுவான்கரை, மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்ற இரண்டு பெயர்களையும் மாற்றவே இல்லை. களுவாஞ்சிக்குடியில் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "மகள், இதில் பட்டிருப்புப் பாலத்தைக் காணவில்லையே" என்று கேட்டார்.

பாலங்களை வேண்டுமென்றேதான் விட்டேன். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தார்கள். எல்லோருக்கும் நல்லதுதான், நோயாளியை வைத்துக்கொண்டு துறையில் காத்துக் கிடந்தவர்களிடம் பழைய காலத்தின் அழகைப் பற்றி யாரும் பேசத் துணிய மாட்டார்கள். ஆனால் பாலம் வந்த இடத்தில் துறை இல்லாமல் போகிறது. துறை போனால் என் கதையில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. நான் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூர்ப் பக்கத்துப் பாடசாலைக்குப் போய்வந்த காலத்தில்தான் நாவலின் பெரும்பகுதியை எழுதினேன். பாதை என்பது எங்கள் ஊரில் மிதவையின் மேல் பலகை பரப்பிய பெரிய தட்டு. சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, ஆசிரியர்கள், ஆட்டுக்குட்டி எல்லாம் அதில் ஒன்றாக நின்று வாவியைக் கடக்கும். கடக்கும்போது யாருக்கும் எந்த வேலையும் இருக்காது. எழுதுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

இனி முகத்துவாரத்துக்கு, அதாவது வாவி கடலோடு சேரும் வாய்க்கு, வருகிறேன். முதலில் எழுதிய பாட்டு அங்கிருந்துதான் வந்தது.

எங்கள் வாவி எப்போதும் கடலோடு சேர்ந்திருப்பதில்லை. கோடையில் அலை கொண்டுவந்து போடும் மணல் வாயை மூடிவிடும். வடக்கே பாலமீன்மடுவில் ஒரு வாய், தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. மூடிய பிறகு வாவி ஒரு பெரிய குளமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினால் மேற்கிலிருந்து வரும் ஆறும் ஓடையும் அத்தனை நீரையும் இதற்குள் கொண்டுவந்து கொட்டும். வெளியே போக வழி இல்லாத தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். தாழ்ந்த வயல்களில் பயிரின் கழுத்துவரை வரும். பிறகு வீட்டு வேலிக்கு வரும். அப்போது முகத்துவாரத்தை வெட்டச் சொல்லிக் கோரிக்கை எழும். வயல்காரருக்கு ஒரு கணக்கு, மீன்பிடிக்கிறவருக்கு வேறொரு கணக்கு. எப்போது வெட்டுவது, யார் வெட்டுவது, ஏன் நேற்றே வெட்டவில்லை என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருக்கும்.

வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது பெக்கோ என்ற மண் தோண்டும் இயந்திரம் வரும், முன்பு மண்வெட்டிதான். மணல்மேட்டின் குறுக்கே ஒரு வாய்க்காலைத்தான் கீறுகிறார்கள், தாண்டிவிடலாம் என்று தோன்றும் அகலத்தில். முதலில் வெறும் கசிவு. காலடித் தடத்தில் நிரம்பும் அளவுக்கு ஒரு செம்மண் நிறத் தண்ணீர் தயங்கித் தயங்கி நகரும். பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் சலித்துப்போய்த் திரும்பும் நேரத்தில், வாய்க்காலின் ஓரம் ஒரு துண்டாகப் பெயர்ந்து விழும். அடுத்து எதிர் ஓரம். பிறகு மண்வெட்டிக்கு வேலை இல்லை. தண்ணீர் தன் கரையைத் தானே தின்று அகலப்படுத்திக்கொண்டு போகும். சற்று முன் நாம் நின்ற இடம் இருக்காது. நீலக் கடலுக்குள் பழுப்பு நிறம் ஒரு நாக்கைப் போல வெகுதூரம் நீளும்.

என் நாட்டில் துக்கம் காப்பதற்கு இதையே சட்டமாக்கினேன். நெடுவாவியில் ஆண்டு முழுதும் யார் இறந்தாலும் அழக்கூடாது. வாய் மூடியிருக்கும் காலத்தில் அழுதால் நீர் ஏறும் என்று நம்புகிறார்கள். மாரியில் முகம் வெட்டும் நாளன்று எல்லோரும் ஒன்றாக அழுவார்கள். வெட்டுவதற்கு, அந்த ஆண்டில் யாரையும் இழக்காத ஒரு வீட்டு ஆள் வேண்டும். ஒரு பஞ்ச ஆண்டில் அப்படி ஒரு வீடும் இல்லாமல் போவதுதான் கதை. அந்த ஆண்டில் துறைப் பெண்கள் பாடுவது இது:

வெட்டாதீர்கள் இன்னும்.
வாசற்படி நனைந்தவள் முதலில் பேசட்டும்.
அடுப்பு நனைந்தவள் அதன்பின் பேசட்டும்.
தொட்டில் நனைந்தவள் பேசமாட்டாள்,
அவளுக்காகக் கொஞ்சம் பொறுங்கள்.
பிறகு ஒரு சாண் மண்ணை எடுங்கள்;
மிச்சத்தைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்.

இதைப் படித்த ஒருவர் "உருவகம் நன்றாக இருக்கிறது" என்றார். உருவகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வரும் வரிசை அதுதான்.

மிகுபுனைவு என்றாலே பனிமூட்டம், கோட்டை, ஊளையிடும் ஓநாய், நள்ளிரவு என்று நம் ஆட்களும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கோட்டையாவது எங்களிடம் இருக்கிறது: புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. அதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் பாட்டு வந்ததில்லை. அரச அலுவலகமாகி, பகலெல்லாம் ஆட்கள் வேலைக்குப் போய்வந்த கட்டடத்தில் எந்தப் பேய் தங்கும்? எங்கள் ஊரில் பயமுறுத்தும் நேரம் நடுப்பகல். உச்சிப்பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே, கிணற்றடியில் நிற்காதே, தலைமுடியை விரித்துக்கொண்டு வெளியே இறங்காதே என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்.

அதிலும் கச்சான் அடிக்கும் மாதங்களின் உச்சி. மேற்கே மழையை முழுவதும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வெறுங்கையோடு எங்களிடம் வரும் காற்று அது. அறுவடை முடிந்து வெறுமனே கிடக்கும் மானாவாரி வயலின் மேல் வரும்போது இன்னும் சூடேறிவிடும். உதடு வெடிக்கும். காயப்போட்ட துணி எடுப்பதற்குள் விறைத்திருக்கும். நாய்கூடக் குரைக்காது. வயலில் வெடிப்புகள் ஓடும். அவற்றுக்குள் பழைய நெல் ஒன்றிரண்டு விழுந்து கிடக்கும். வெளிச்சம் அவ்வளவு இருக்கும், ஆனால் எதையும் சரியாகப் பார்க்க முடியாது, கண் கூசும். இருட்டைவிட இது எனக்கு மோசமாகப் படுகிறது. இருட்டில் விளக்கையாவது ஏற்றலாம்.

நிழல் காலடிக்குள் ஒளிந்துகொண்ட நேரம்
கதவைத் தட்டுவது கச்சான் என்றால் திறக்காதே.
தண்ணீர் கேட்கும்.
கொடுத்தால் குடத்தைக் கேட்கும்.
குடத்தைக் கொடுத்தால் கிணறு எங்கே என்று கேட்கும்.
கிணற்றைக் காட்டியவளை
அதன்பிறகு யாரும் எதுவும் கேட்டதில்லை.

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் திணையை இழுப்பார்கள். இழுக்கட்டும், நானும் இழுக்கிறேன். நிலத்துக்கும் மனநிலைக்கும் முடிச்சுப் போடுவதை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. நெய்தலுக்கு எற்பாடும் இரங்கலும், பாலைக்கு நண்பகலும் வேனிலும் பிரிவும் என்று தொல்காப்பியம் எப்போதோ வகுத்துவிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது பாலைக்குத் தனி நிலம் இல்லை என்ற எண்ணம். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். படுவான்கரையில் மருதம் பாலையாவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மாசியில் கதிர் சாய்ந்து கிடந்த அதே வட்டை, அதாவது வயல்வெளி, ஆடியில் பிரிவுக்குரிய நிலமாகிவிடுகிறது. அதே வரப்பு, அதே வாடி, ஆள்தான் இல்லை. என் நாவலில் தலைவன் வீட்டைவிட்டுப் போவது ஆடியில்தான். வேறு மாதத்தில் அவன் போயிருந்தால் அந்த அத்தியாயம் நின்றிருக்காது.

இந்த வெக்கைக்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த பதில் ஒன்று உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை படிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவள் சினத்தோடு இருக்கிறாள். அவளைக் குளிர்விக்க வேண்டும். குளிர்த்தி பாடி முடிக்கும்போதுதான் ஊருக்கு மூச்சு வரும். சிறுவயதில் எனக்கு அது வெறும் பூசை. இப்போது நினைத்தால், ஒரு காவியத்தின் கோபத்தை ஆண்டுதோறும் தண்ணீர் தெளித்து இறக்கும் ஊரில் பிறந்துவிட்டு, சோகப்பாட்டு எழுதப் பனிமலைக்குப் போகிறவர்களை என்ன சொல்வது? என் பாட்டுகளின் நடை அந்தப் படிப்பிலிருந்து வந்ததுதான்: ஒரே சொல்லை மூன்று முறை வெவ்வேறு இடத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூட்டைக் குறைப்பது.

வாவிக்கரையில் கண்டலுக்கும் கண்ணாவுக்கும் இடையே தில்லை நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத மரம். பக்கத்தில் போனால், உதிரப்போகும் இலைகள் மட்டும் செம்பு நிறத்தில் பச்சைக்குள் அங்கங்கே எரிந்துகொண்டிருக்கும். இலைக் காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் ஒரு பொட்டாக வந்து நிற்கும். கண்ணில் பட்டால் பார்வையை வாங்கிவிடும் என்று சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். விறகுக்கு வெட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கத்தியை இறக்குவார்கள். புகையும் கண்ணுக்கு ஆகாது. நெடுவாவியில் வழக்கு விசாரிக்கிறவர்கள் தில்லையின் கீழே உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்ல வருகிறவன் ஓர் இலையைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொள்வான். சாட்சி முடியும்வரை அவன் முகத்தைத் துடைக்கக்கூடாது. இதற்கு நான் பாட்டு எழுதவில்லை. விதி ஒன்றே போதுமாக இருந்தது.

பாடும் மீனைப் பற்றி எழுதாமல் மட்டக்களப்பான் ஒருவன் தப்ப முடியுமா? நிலாக் காலத்தில், காற்று அடங்கிய இரவில், கல்லடிப் பழைய பாலத்துப் பக்கம் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். மீன் என்பாரும் உண்டு, ஊரி என்ற நத்தை என்பாரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ட், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலியைச் சொல்லி அதை விளக்கினார். எங்கள் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அதே ஒலியைக் கேட்டு, நீருக்குள்ளே நீரர மகளிர் பாடுகிறார்கள் என்று யாழ்நூலில் எழுதினார். பண்டைய யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டுத் தேடிய ஒரு நூலுக்குள், வாவியின் அடியில் பாடும் பெண்கள்! எங்கள் வாவியை வைத்து மிகுபுனைவு எழுதலாம் என்று யாழ்நூல் வந்த 1947இலேயே அனுமதி கிடைத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அடிகளும் கணிதம் தெரிந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

ஆனால் அந்த ஒலியை நான் பயன்படுத்தவில்லை. ஏற்கெனவே அழகாகப் பாடப்பட்டுவிட்டது. கைவைத்தால் இரண்டாம் தரமாகத்தான் வரும். நான் எடுத்தது அந்த நிற்கும் நிலையை. தோணியில் ஒருவர் குனிந்து துடுப்பில் காதை வைத்திருக்கிறார். மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கிறார்கள். அவருக்குக் கேட்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. நெடுவாவியில் துறைக்காரர்கள் அப்படித்தான் நீரில் போனவர்களைக் கேட்கிறார்கள். கேட்கலாம், பதில் சொல்லக்கூடாது. தோணியில் மற்றவர்கள் "என்ன கேட்டது?" என்று வினவவும் கூடாது. ஒருத்தி மட்டும் கேட்டுவிடுகிறாள்.

மட்டக்களப்புக்கு வெளியே கடலடியில் ஹெர்மிஸ் என்ற கப்பல் கிடக்கிறது. பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைப் பல காலமாகவே அறிந்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. பிறகுதான், அன்று அந்தக் கப்பலில் அதன் விமானங்கள் ஒன்றுகூட இருக்கவில்லை, எல்லாவற்றையும் தரையில் விட்டுவிட்டுத்தான் திருகோணமலையிலிருந்து புறப்பட்டது என்று படித்தேன். அன்று மாலையே எழுதினேன்:

பறவைகள் கரையில் தானியம் கொத்துகின்றன.
கூடுதான் பறந்து போனது.
பொழுது பட்டபின் கடலைப் பார்த்து
வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.
அடைவதற்குக் கூடு இல்லை என்று
சொல்லப்போகிறவர் யார்?
முதலில் எந்தப் பறவையிடம்?

பெரிய காட்சிகள் எனக்கு உதவுவதில்லை. அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போவதைப் பார்த்தேன். வாய் பிளந்து நின்றேன், அவ்வளவுதான். அதில் நான் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. களவெட்டியில் சூடு மிதிக்கும்போது, அதாவது களத்தில் நெற்கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது, பூதம் நெல்லை அள்ளிப் போய்விடும் என்று அஞ்சி, அங்கே மட்டும் தனிச் சொற்களைப் பேசுவார்கள் என்று பெரியப்பா சொன்ன சின்ன விஷயம் ஓர் அத்தியாயத்தையே கொடுத்தது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. "கடலை ஒட்டிய நாடு, இவ்வளவு துயரம், ஆனால் உன் கடல் ஒருமுறையும் எழவில்லையே?" என்று கல்லடியிலிருந்து ஒரு தோழி கேட்டாள். எழாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றதைப் பார்த்தவள் அவள். அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. என் நாவலில் கடல் மணல்மேட்டுக்கு அப்பால் சத்தம் போட்டுக்கொண்டு தன் இடத்திலேயே இருக்கிறது. கதை என் கையில் இருப்பதால் இந்த ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடிகிறது.

யுத்தத்தை வேறு விதமாகக் கையாண்டேன். படுவான்கரை ஊர்களில் 1987இலும் 1991இலும் சாதாரண மக்கள் கொல்லப்பட்டதை, மிகுபுனைவு என்ற பெயரில் ஏதோ ஓர் இருள் அரக்கனின் தலையில் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நெடுவாவியில் பூதங்கள் நெல்லைத்தான் திருடும். ஆளைக் கொல்வது ஆள். கட்டளை எழுதுவதும் ஆள். எழுதிய கடதாசியும் இருக்கும்.

பாதை ஓட்டுகிற ஐயா ஒருவரிடம் துறைப்பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினேன். மேலைக் காற்றில் "நேரே மண்டூர்க் கோபுரம் பார்த்து" பாதை போகும் என்று ஒரு வரி. அவர் அழவும் இல்லை, புகழவும் இல்லை. "ரீச்சர், கச்சானுக்கு நேரே பிடித்தால் பாதை வடக்கே இழுபட்டுப் போகும். மூக்கைக் கொஞ்சம் தெற்கே வைத்தால்தான் கோபுரத்தடியில் போய்ச் சேரும்" என்றார். இப்போது அந்த வரியில் துறைக்காரன் கோபுரத்தைப் பார்ப்பதில்லை; இல்லாத இடத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறான். பாட்டின் மிச்ச வரிகளையும் அதற்கேற்பத் திரும்ப எழுத வேண்டி வந்தது.

இரண்டாம் பாகம் தெற்கே போகிறது. திருக்கோவில், சங்கமன்கண்டி, பொத்துவில் தாண்டி உகந்தை வரை. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காட்டுக்குள் இறங்கும் காலத்தில் என் ஆட்களையும் அங்கே இறக்க எண்ணியிருக்கிறேன். உகந்தைமலைக்கும் குமனைக்கும் இடையே அந்த நாட்களில் காற்று எந்த நேரத்தில் திரும்பும், எந்த மடுவில் அப்போதும் தண்ணீர் நிற்கும் என்று நடந்து பழகியவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். காட்டின் அழகை நானே பார்த்துக்கொள்கிறேன்.